ஒரு கரிம வேதியியலாளரின் பயோடேட்டாவைப் படிப்பது எப்படி?

அக்கா மகள் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் ராத்திரி வாட்ஸப்பில் ஒரு பேராசிரியரின் பயோடேட்டாவை அனுப்பி, "சித்தி, இவர்கிட்ட பி.எச்டி.க்கு எழுதிப் போடலாமா? இதுல பாதி எனக்குப் புரியவே இல்ல" என்று கேட்டிருந்தாள். மேல்பாதியில் வரிசையாகப் பட்டங்கள், ஊர்கள், வருஷங்கள். கீழ்ப்பாதியில் ஆய்வு ஆர்வங்கள் என்று நான்கு சொற்றொடர்கள்: இயற்கைப் பொருள்களின் முழுத்தொகுப்பு, சமச்சீரற்ற வினையூக்கம், கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புச் செயலூக்கம், பாய்வு வேதியியல்.

அன்று ஒரு மணி நேரம் போனில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேதியியல் படிக்காத அவள் அம்மாவும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

கரிம வேதியியல் என்றால் கார்பன் சேர்மங்களின் வேதியியல். சர்க்கரை, சாயம், பாரசிட்டமால், பாலித்தீன், மல்லிகை வாசனை எல்லாம் இதில் அடங்கும். இந்தத் துறை ஆராய்ச்சியாளர் செய்வது பெரும்பாலும் மூன்று வேலைகள்தான்: ஒரு மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, அதை லேபில் செய்வது, அதைச் செய்வதற்கு நல்ல வழி தேடுவது. ஒருவர் எந்த வேலையில் மனதை வைத்திருக்கிறார் என்பதைத்தான் ‘ஆய்வு ஆர்வம்’ என்ற தலைப்பு சொல்ல வருகிறது. சொல்கிற விதம்தான் வாய்க்குள் நுழையாது.

முதலில் பட்டங்கள். பி.எஸ்சி. மூன்று வருஷம், எம்.எஸ்சி. இரண்டு. அப்புறம் நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது 37,000 ரூபாய். பி.எச்டி.க்கு ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். கரிம வேதியியலில் அதற்கு மேலும் இழுக்கும், வினைகள் நம் அவசரத்துக்கு நடப்பதில்லை. அதன்பின் போஸ்ட்டாக்: இன்னொருவர் லேபில், பெரும்பாலும் வேறு நாட்டில், இரண்டு மூன்று வருஷம். அதற்குப் பிறகுதான் சொந்த லேப், சொந்த மாணவர்கள்.

இந்த வரிசையில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வரிகள் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி அதிகம் சொல்லாது. பார்க்க வேண்டியவை பி.எச்டி., போஸ்ட்டாக் என்ற இரண்டு வரிகள். அவற்றிலும் ஊர்ப்பெயர் இரண்டாம்பட்சம். கைடு யார் என்று பார்க்க வேண்டும். "ஹார்வர்டுன்னா பெரிய இடம்தானே?" என்றாள் அக்கா. பெரிய இடம்தான். ஆனால் ஹார்வர்டில் யாரிடம் என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் கரிம வேதியியல் கிட்டத்தட்ட கர்நாடக சங்கீதம் மாதிரி. புத்தகத்தில் இல்லாத பாதி, குரு பக்கத்தில் நின்றுதான் வரும். காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் திரவத்தைச் சிரிஞ்சில் எடுப்பது, வினை எதுவரை போயிருக்கிறது என்று காட்டும் டி.எல்.சி. தகட்டில் தெரியும் ஒரு மங்கல் புள்ளியை விடுவதா தொடர்வதா என்று முடிவெடுப்பது, வினை கெட்டுப்போன பிறகு குப்பையில் என்ன உண்டாகியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம், இவையெல்லாம் கைமாறி வருபவை. கூடவே ஒரு ருசியும் வரும்: எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்ற ருசி.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு சாயக் கதை. 1856இல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியா மருந்தான குயினைனைத் தயாரிக்க முயன்றான். கிடைத்தது ஒரு கறுப்புக் கசடு; அதிலிருந்து ஊதா நிறம் வந்தது. மோவ் என்ற அந்தச் சாயத்தில் தொடங்கியதுதான் செயற்கைச் சாயத் தொழில். பெர்க்கினின் ஆசிரியர் ஹாஃப்மன், ஜெர்மனியின் லீபிக்கிடம் படித்தவர். பெர்க்கினின் மகனுக்கும் அதே பெயர், அவரும் வேதியியலாளர். அவர் ம்யூனிக் போய் அடால்ஃப் ஃபான் பேயரிடம் வேலை செய்தார். பேயர் யார்? அவுரி நீலத்தை, அதாவது இண்டிகோவை, லேபில் செய்து காட்டி 1905இல் நோபல் வாங்கியவர். நம் ஊர் வயல்களில் அவுரி காணாமல் போனதற்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். 1897இல் செயற்கை இண்டிகோ சந்தைக்கு வந்துவிட்டது. பேயரின் குரு கெகுலே. கெகுலேயும் லீபிக்கிடம் படித்தவர்தான். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே வீட்டுக்கு வந்து நிற்கிறது.

மகன் பெர்க்கின் பிறகு மான்செஸ்டரில் பேராசிரியரானார். அவரிடம் படித்தவர் ராபர்ட் ராபின்சன், 1947இன் நோபல்காரர். பூக்களின் சிவப்பும் நீலமும் எந்த மூலக்கூறுகளால் வருகின்றன என்பது ராபின்சனின் பல ஆர்வங்களில் ஒன்று. 1920களில் மான்செஸ்டரில் அவரிடம் படிக்க இரண்டு பேர் நம் பக்கத்திலிருந்து போனார்கள். ஒருவர் குளித்தலையில் 1900இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி. இன்னொருவர் சென்னையில் 1901இல் பிறந்த கே. வெங்கட்ராமன்.

சேஷாத்ரி திரும்பிவந்து வால்டேரிலும் பின்னர் டெல்லியிலும் பருத்திப் பூ முதல் பாறையில் படரும் லைக்கன் வரை தாவர நிறமிகளைப் பிரித்து, அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தார். வெங்கட்ராமன் பம்பாயில் சாயத் தொழில்நுட்பத்தின் பக்கம் போனார். 1957இல் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இந்திய இயக்குநரானார். "எம்.எஸ்சி.ல பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்புன்னு படிச்சியே, அந்த வெங்கட்ராமன்தான்" என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவர் சென்னையா? யாரும் சொல்லவே இல்லையே!" அந்த வினை எதற்கு என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஃபிளேவோன்கள் செய்வதற்கு. அதாவது தாவரங்களில் இருக்கும் மஞ்சள் நிறமிகளின் குடும்பம். பெர்க்கினின் கசடிலிருந்து எழுபது எண்பது வருஷம், நாலு ஊர் கடந்தும், பேச்சு நிறத்தைச் சுற்றியேதான் இருக்கிறது. கைடின் பெயரைப் பார் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதற்காக மாணவர் குருவின் நகல் என்று நினைக்க வேண்டாம். போஸ்ட்டாக் இருப்பதே அந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தத்தான். சென்னை மாநிலக் கல்லூரியின் டி. ஆர். கோவிந்தாச்சாரி முனைவர் பட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவின் இலினாய்ஸ் போய் ரோஜர் ஆடம்ஸிடம் வேலை செய்தார். அதே ஆடம்ஸிடம் 1924இல் பி.எச்டி. முடித்தவர் நைலானைக் கண்டுபிடித்த கரோதர்ஸ். ஒரே லேப், ஒருவர் புடவை நூலுக்குப் போனார், இன்னொருவர் சென்னைக்குத் திரும்பி மூலிகை அல்கலாய்டுகளுக்கு, அதாவது செடிகளில் இருக்கும் நைட்ரஜன் சேர்மங்களுக்கு, வந்தார். நஞ்சறுப்பான் கொடியிலிருந்து கிடைக்கும் டைலோஃபோரின் அவருடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. 1963இல் பம்பாய் கோரேகாவில் சிபா என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்துக்கு முதல் இயக்குநராகப் போனவர், வயதான பிறகு மறுபடி சென்னையில், ஸ்பிக் அறிவியல் அமைப்பில், வேம்பின் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல்! அவர் பயோடேட்டாவை வாசித்தால் வேலை பார்த்த இடங்கள் மாறுகின்றன, செடிகள் மாறுகின்றன. செடிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

வேம்பு வந்துவிட்டதால் அப்படியே கீழ்ப்பாதிக்குப் போகலாம். ‘இயற்கைப் பொருள்’ என்றால் வேதியியலில் ஒரு தனி அர்த்தம் உண்டு: ஓர் உயிரினம் தனக்காகச் செய்துகொள்ளும் சிறு மூலக்கூறு. வேப்பங்கொட்டையில் அசாடிராக்டின் என்று ஒன்று இருக்கிறது, பூச்சிகளைத் தின்னவிடாமல் செய்வது. 1968இல் அதை இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். அமைப்பு இன்னதென்று உறுதியாக 1985 வாக்கில்தான் தெரிந்தது. ‘முழுத்தொகுப்பு’ என்பது அடுத்த கட்டம்: கடையில் வாங்கக்கூடிய எளிய சேர்மங்களிலிருந்து தொடங்கி, படிப்படியாக அந்த மூலக்கூறையே கட்டி முடிப்பது.

சொல்வது சுலபம். அசாடிராக்டினில் 16 கார்பன்கள் ‘இடமா வலமா’ என்று இரண்டு விதமாக அமையக்கூடியவை. கணக்குப் போட்டால் 65,536 வடிவங்கள். வேம்பில் இருப்பது அதில் ஒன்றே ஒன்று. கேம்பிரிட்ஜின் ஸ்டீவன் லே குழு 2007இல் இதை முடித்தது. எடுத்துக்கொண்ட காலம் 22 வருஷம். ஒரு பி.எச்டி. மாணவர் பாதி வழி கொண்டுபோய் விட்டு, இன்னொருவர் அங்கிருந்து எடுத்து, பாதை அடைத்துக்கொண்டால் திரும்பி வந்து வேறு வழி போய்… இப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் வேலை அது. வேம்பு இதைச் சும்மா செய்துவிட்டுப் போகிறதே என்றாள் அக்கா. உண்மைதான், அந்தக் கடுப்பு எங்கள் எல்லோருக்கும் உண்டு.

இதில் ஏன் இவ்வளவு காலம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் பொருள் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேபில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரலாம், அவ்வளவு நல்ல எண். ஆனால் 20 படி போனால் மிஞ்சுவது 12 சதவீதம். படிக்கு 80 என்றால் 20 படியில் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு கூட்டம் மூலக்கூறு கட்டுவதை விட்டுவிட்டு, கட்டுவதற்கான கருவிகளைச் செய்யப் போய்விடுகிறது. பயோடேட்டாவில் ‘புதிய வினைமுறைகள்’ என்று இருந்தால் இந்தக் கூட்டம். கொத்தனார் ஒருவர், கரணையை வடிவமைப்பவர் ஒருவர். பலர் இரண்டையும் செய்வார்கள்.

‘சமச்சீரற்ற வினையூக்கம்’ இந்தக் கருவி செய்யும் வேலையில் ஒரு வகை. நம் இடக்கையும் வலக்கையும் ஆடி பிம்பங்கள், ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. மூலக்கூறுகளிலும் அப்படி இணைகள் உண்டு. கார்வோன் என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை ஸ்பியர்மின்ட் புதினா வாசனை. மற்றக் கை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சதகுப்பையின் வாசனை. அணுக்கள் ஒன்றே, இணைப்பும் ஒன்றே, கை மட்டும் வேறு. மூக்குக்கே வித்தியாசம் தெரிகிறது என்றால் உடம்புக்குள் போகும் மருந்தில் சொல்லவே வேண்டாம். சாதாரணமாக வினை நடத்தினால் இரண்டு கையும் பாதிக்குப் பாதி கிடைக்கும். ஒரு கையை மட்டும் தரும் வினையூக்கியை, அதாவது தான் தீராமல் வினையைத் தூண்டும் பொருளை, தேடுவதுதான் இந்தத் துறை.

இங்கே பின்னணி எப்படி ஆர்வமாக மாறுகிறது என்பதற்கு அழகான இரட்டைக் கதை ஒன்று உண்டு. 2021இன் வேதியியல் நோபல் பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மெக்மில்லன் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. உலோகம் இல்லாத சிறு கரிம மூலக்கூறுகளே ஒரு கையை மட்டும் தரும் இந்த வேலையைச் செய்யும் என்று தனித்தனியாகக் காட்டியதற்காக. இரண்டு பேரின் முக்கியக் கட்டுரைகளும் 2000இல் வந்தவை. ஆனால் வந்த வழி வேறு வேறு. லிஸ்ட் போஸ்ட்டாக் செய்தது கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸில், வினையூக்கியாக வேலை செய்யும் ஆன்டிபாடிகள் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களைப் பற்றி. இவ்வளவு பெரிய புரதத்தில் உண்மையில் வேலை செய்வது ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள்தானே, அந்த ஒன்றை மட்டும் போட்டால் என்ன என்று யோசித்தார். புரோலின் என்ற மலிவான அமினோ அமிலத்தைப் போட்டார். நடந்தது. மெக்மில்லன் ஹார்வர்டில் உலோக வினையூக்கிகளோடு மல்லாடியவர். ஈரமும் காற்றும் பட்டால் வீணாகும் அந்தப் பொருள்களைத் தொழிற்சாலையில் யார் வைத்துப் பாதுகாப்பது என்று சலித்து, சொந்த லேப் தொடங்கியதும் உலோகத்தையே விட்டுவிட்டார். ஒருவரை இழுத்தது ஆச்சரியம், மற்றவரைத் தள்ளியது எரிச்சல். பயோடேட்டாவில் இந்த இரண்டும் எழுதியிருக்காது. போஸ்ட்டாக் வரியைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்.

‘கார்பன்–ஹைட்ரஜன் செயலூக்கம்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் இருக்கும் ஆக்டேனில் 8 கார்பன், 18 கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வலு, எளிதில் உடையாதவை. கதவு எண்ணே இல்லாத தெருவில் பதினெட்டு ஒரே மாதிரி வீடு. அதில் ஒரு வீட்டுக்கு மட்டும் தபால் கொடுக்க வேண்டும், அதாவது ஒரே ஒரு பிணைப்பை மட்டும் உடைத்து அங்கே வேண்டியதை ஒட்ட வேண்டும். அது முடிந்தால் பத்துப் படி வேலை இரண்டு படியில் முடியும். அதனால்தான் இத்தனை பேர் அதன் பின்னால் அலைகிறார்கள்.

‘பாய்வு வேதியியல்’ இன்னும் எளிது. குடுவையில் போட்டுக் கலக்குவதற்குப் பதிலாக, மெல்லிய குழாய்களில் பம்ப் வைத்துத் தள்ளி, ஓட ஓட வினையை நடத்துவது. வேடிக்கை என்னவென்றால், வேம்போடு 22 வருஷம் போராடிய அதே லே பிற்பாடு இந்தப் பாய்வு வேதியியலின் முன்னோடிகளில் ஒருவரானார். ஒரே வேலையைக் கையால் ஆயிரம் தடவை செய்து அலுத்தவருக்கு இயந்திரத்தின் மேல் ஆசை வராமல் இருக்குமா?

அதற்கப்புறம் அவள், "வேற டிபார்ட்மென்ட் ஆளுங்க கெமிஸ்ட்ரில எப்படி சித்தி வர்றாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எல்லைகள் இப்போது அவ்வளவு கறாராக இல்லை. நொதிகளைப் பரிணாமம் அடையச் செய்து லேபில் புதிய வினைகளைச் செய்யவைத்து 2018இல் வேதியியல் நோபல் வாங்கிய ஃபிரான்செஸ் ஆர்னால்ட், இளங்கலையில் படித்தது இயந்திர, விண்வெளிப் பொறியியல். கரோலின் பெர்டோஸி எதிர்த்திசை: பெர்க்லியில் கரிம வேதியியலில் பி.எச்டி., அதன்பின் போஸ்ட்டாக்குக்கு நோயெதிர்ப்பு ஆராய்ச்சி செய்யும் லேபுக்குப் போனார். அங்கே பார்த்த பிரச்சினை, உயிருள்ள செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைகளைச் செல்லைக் கொல்லாமல் எப்படி அடையாளமிடுவது என்பது. அதற்கு விடை அவருடைய பழைய துறையில் இருந்தது: செல்லில் இருக்கும் வேறெதையும் தொடாமல், தங்களுக்குள் மட்டும் கைகோக்கும் இரண்டு சிறு குழுக்கள். 2022இல் நோபல். அவரோடு பரிசைப் பகிர்ந்தவர்களில் ஒருவரான ஷார்ப்லெஸ், 2001இல் சமச்சீரற்ற ஆக்சிஜனேற்றத்துக்காக ஏற்கெனவே ஒரு நோபல் வாங்கியவர். வாங்கிய பிறகும் அதிலேயே உட்காராமல், எளிய, தவறாமல் நடக்கும் வினைகள் என்ற வேறு பாதைக்குப் போனார். ஆர்வங்கள் பட்டியலில் எழுதப்பட்டதாலேயே அப்படியே நின்றுவிடுவதில்லை.

அதனால்தான் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். பட்டியலை நம்பாதே, அந்தப் பேராசிரியரின் கடைசி ஐந்து வருஷக் கட்டுரைகளின் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுது. முதல் பெயராக வரும் மாணவர்கள் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் பார். அப்புறம் உன்னையே கேள், உனக்கு எந்த மாதிரி நாள் பிடிக்கும் என்று. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் ஐந்து வருஷத்தையும் தீர்மானிப்பது இதுதான். இயற்கைப் பொருள் லேபில் கிலோ கணக்கில் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஹெக்சேனில் ஊறவைத்து, ரோட்டாவேப்பில் வற்றவைத்து, கடைசியில் இருபது மில்லிகிராமுக்காகக் காலம் காலமாகக் ‘காலம்’ (column, கலவையைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய்) போட வேண்டும். முழுத்தொகுப்பில், ஆறு மாதம் சேர்த்த பொருளை ஒரு தவறான வினையில் இழந்துவிட்டு மறுநாள் காலை முதல் படியிலிருந்து தொடங்கத் தெம்பு வேண்டும். நான் இரண்டு தடவை இழந்திருக்கிறேன். இரண்டாவது தடவை குடுவை உடைந்தது என் கை வழுக்கித்தான். வினைமுறை லேபில் ஒரே வினையைக் கரைப்பானையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றி அறுபது தடவை ஓட்டி அட்டவணை போட வேண்டும். அலுப்பான வேலை என்பார்கள், ஆனால் கட்டுரை சீக்கிரம் வரும். பெர்டோஸி மாதிரி வேதி உயிரியல் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் செல்லுக்குத் தீனி போடப் போக வேண்டும், வீட்டில் மாடு வளர்ப்பது போல.

மூன்று நாள் கழித்துப் போன் செய்தாள். முழுத்தொகுப்பு என்று முதல் வரியில் போட்டிருந்தவரின் ஐந்து வருஷக் கட்டுரைகளில் அது ஒன்றுகூட இல்லையாம். முக்கால்வாசி பாய்வு வேதியியல், மீதி வினையூக்கம். அவருடைய போஸ்ட்டாக் வரியை மறுபடி பார்த்தாளாம். கைடு பாய்வு வேதியியல்காரர்.

"அப்போ அங்க போனா நான் குடுவையே தொட மாட்டேனா சித்தி? பம்ப்தான் ரிப்பேர் பண்ணணுமா?"

ஸ்பேனர் பிடிக்க வருமா என்று கேட்டேன். அப்பாவின் ஸ்கூட்டரை அவள்தான் கழற்றி மாட்டுவாள் என்று பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.